எஸ்ஆர்டி 5.2.1: காசில்லாமல் கிடைக்கும் விதிநூலை வைத்து முதல் கதாபாத்திரம் உருவாக்கலாமா?

மேசையைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் புதிய விதிநூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டெம்பரில் வெளிவந்தது. அமெரிக்க விலை 49.99 டொலர். டொலரை 300 ரூபாவாக வைத்தாலே 15,000 ரூபா. கொழும்புக்கு எடுப்பிக்கும் செலவும் தீர்வையும் அதற்கு மேல். இன்னும் ஆடியே பார்க்காத ஆட்டத்துக்கு அவ்வளவு போட ஒருவருக்கும் மனம் வராது. ஆகவே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலைந்து பேர் சேர்ந்து தொடங்கும்போது முதலில் கைக்கு வருவது, ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் 2025இல் இலவசமாக வெளியிட்ட சிஸ்டம் ரெஃபரன்ஸ் டொக்கியுமென்ட் 5.2.1. சுருக்கமாக எஸ்ஆர்டி. பிடிஎஃப் கோப்பு, 350 பக்கத்துக்கு மேல், தமிழில் இல்லை. அதில் கதாபாத்திரம் உருவாக்கும் பகுதி புதியவருக்கு எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

கிளாஸ் எனப்படும் கதாபாத்திர வகைகளில் ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (கள்ளத் திறமைக்காரர்), கிளெரிக் (பூசகர்), விஸார்ட் (படித்த மந்திரவாதி) ஆகிய நாலுக்கும் இது தாராளமாகப் போதும். பாட் (மந்திரப் பாடகர்), சோர்சரர் (பிறவி மந்திரக்காரர்), வோர்லொக் (ஒப்பந்தத்தால் மந்திரம் பெற்றவர்) எடுப்பவருக்கு இடம் இறுக்கம். ஏன் என்பது பின்னால் வரும்.

படங்கள் இல்லை. இரண்டு பத்தியில் நெருக்கமாக எழுத்தும் அட்டவணையும் மட்டும். போட்டோக்கொப்பிக் கடையில் முழுவதையும் அச்சடிப்பது வீண். கதாபாத்திர அத்தியாயம், உங்கள் கிளாஸுக்கு உரிய பக்கங்கள், ஒரிஜின் (பாத்திரத்தின் பின்னணி), ஃபீட் (தனிச் சிறப்புத் திறமை), ஆயுத-கவச அட்டவணை, இவ்வளவும் இருந்தால் முதல் நாளுக்குப் போதும். மந்திரக்காரர் தான் தெரிவு செய்த மந்திரங்களின் பக்கங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளட்டும். இணையத்தில் கிடைக்கும் கரக்டர் ஷீட்டுகள் (பாத்திரத்தின் எண்களை நிரப்பும் படிவங்கள்) பெரும்பாலும் அமெரிக்க லெட்டர் அளவில் இருக்கும். அது ஏ4ஐ விட 6 மில்லிமீற்றர் அகலம் கூட, ஆகவே தாளுக்கு ஏற்பச் சுருக்கி அச்சடிக்கச் சொல்லாவிட்டால் ஓரத்துப் பெட்டிகள் வெட்டுப்படும்.

நூல் சொல்லும் வரிசை ஐந்து படி. கிளாஸைத் தெரிவு செய், ஒரிஜினை, அதாவது பேக்ரவுண்ட் (முன்பு செய்த தொழில்), ஸ்பீசீஸ் (இனம்), மொழிகளை முடிவு செய், ஆறு எபிலிட்டி (அடிப்படை ஆற்றல்) எண்களை வை, அலைன்மென்ட் (நல்லவரா கெட்டவரா என்ற போக்கு), கடைசியாக மிச்ச விவரங்களை நிரப்பு. பழைய 2014 பதிப்பு இனத்தில் தொடங்கியது. புதியது கிளாஸில் தொடங்குவது நல்ல மாற்றம், ஏனென்றால் ‘மேசையில் நான் என்ன செய்வேன்’ என்ற கேள்விக்கு விடை கிளாஸில்தான் இருக்கிறது.

ஆனால் இந்த வரிசைக்குள் ஒரு பொறி உண்டு. எண்களைக் கூட்டித் தருவது இப்போது பேக்ரவுண்ட். ஒவ்வொரு பேக்ரவுண்டும் மூன்று எபிலிட்டியைச் சொல்லும். அவற்றில் ஒன்றுக்கு 2, இன்னொன்றுக்கு 1 கூட்டலாம், அல்லது மூன்றுக்கும் 1 கூட்டலாம். எதுவும் 20ஐத் தாண்டக்கூடாது. 2014 விதியில் இந்த வேலையை இனம் செய்தது. யூடியூபில் கிடைக்கும் விளக்கங்களில் பெருந்தொகை பழைய விதிக்குச் செய்தவை. அதைப் பார்த்துவிட்டு இந்த நூலைத் திறப்பவர், டுவாஃப் (குள்ளர் இனம்) என்று கொன்ஸ்டிடியூஷனுக்கு (உடலுறுதி) 2 கூட்டி, சோல்ஜர் பேக்ரவுண்டுக்கும் இன்னொரு தரம் கூட்டிவிடுவார். டுவாஃபின் வேகம் 25 அடி என்று எழுதினாலும் அதே கலப்படம்தான் நடந்திருக்கிறது. புதிய விதியில் 30 அடி. மேசையில் ஒருவருடைய எண்கள் மட்டும் அளவுக்கு மீறி நன்றாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

எண்களை வைக்க மூன்று வழி. 15, 14, 13, 12, 10, 8 என்ற ஸ்டாண்டர்ட் அரே ஒன்று. 27 புள்ளியில் வாங்குவது இன்னொன்று: 8க்கு விலை இல்லை, 13 வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, 14க்கு மொத்தம் 7, 15க்கு 9. கணக்குப் பார்த்தால் ஸ்டாண்டர்ட் அரேயின் விலையும் சரியாக 27. மூன்றாவது, நாலு ஆறுமுகப் பகடை உருட்டி மிகச் சிறியதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்டுவது. அதன் சராசரி 12.24, ஆறு எண்ணும் சேர்ந்தால் 73.5 அளவில் வரும், ஸ்டாண்டர்ட் அரேயோ 72. சராசரியில் பெரிய ஆதாயம் இல்லை, ஆனால் ஒருவருக்கு 17ம் 16ம், பக்கத்தில் இருப்பவருக்கு 11ம் 9ம் விழுந்தால் அந்த மனக்குறை மாதக்கணக்கில் மேசையிலேயே இருக்கும். முதல் ஆட்டத்துக்கு ஸ்டாண்டர்ட் அரே. எந்தக் கிளாஸுக்கு எந்த எண் எங்கே என்று 12 கிளாஸுக்கும் நூலிலேயே ஓர் அட்டவணை இருக்கிறது. இந்த நூலில் புதியவருக்கு ஆகக் கூடிய உதவி அந்த அட்டவணைதான். கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாம்.

ஆட்டத்தில் நேரே பயன்படுவது எபிலிட்டி எண் அல்ல, அதிலிருந்து வரும் மொடிஃபயர். எண்ணிலிருந்து 10ஐக் கழித்து, பாதியாக்கி, கீழ்ப்பக்கம் முழு எண்ணாக்க வேண்டும். 14க்கும் 15க்கும் ஒரே +2. 8க்கு -1. ஆகவே பேக்ரவுண்டின் +1ஐ ஒற்றை எண்ணில் போட்டால்தான் பலன்: 13ஐ 14 ஆக்கினால் மொடிஃபயர் ஏறும், 14ஐ 15 ஆக்கினால் ஏறாது. புதியவர்கள் அடிக்கடி விடும் பிழை, பேக்ரவுண்டின் +2ஐ எண்ணில் கூட்டாமல் மொடிஃபயரில் கூட்டுவது. 15க்கு +2, பேக்ரவுண்டுக்கு இன்னொரு +2, ஆக +4 என்று எழுதுவார்கள். சரியானது 15+2=17, மொடிஃபயர் +3. நூல் இதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போகிறது. முழுதாகக் கணக்குப் போட்டுக் காட்டும் மாதிரிப் பாத்திரம் ஒன்று இல்லாதது பெரிய குறை. அதை இங்கே செய்துவிடலாம்.

டுவாஃப் ஃபைட்டர், சோல்ஜர் பேக்ரவுண்ட். அட்டவணைப்படி ஸ்ட்ரெங்த் (வலு) 15, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 14, கொன்ஸ்டிடியூஷன் 13, இன்டெலிஜென்ஸ் (அறிவு) 8, விஸ்டம் (விவேகம்) 10, கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) 12. சோல்ஜர் தொடக்கூடியவை ஸ்ட்ரெங்த், டெக்ஸ், கொன். ஸ்ட்ரெங்துக்கு 2, கொன்னுக்கு 1. ஆக 17ம் 14ம். மொடிஃபயர் +3, +2. ஹிட் பொயிண்ட் (தாங்கக்கூடிய சேதம்): முதல் லெவலில் பகடை உருட்டுவதில்லை. ஃபைட்டரின் பகடை 10 முகம் என்பதால் முழு 10, கொன்னுக்கு 2, டுவாஃப் என்பதால் லெவலுக்கு 1, மொத்தம் 13. ஆயுதப் பொதிகளில் முதலாவதை எடுத்தால் செயின் மெயில் கவசம், கிரேட்சோட், ஃபிளெய்ல், 8 ஜாவலின் வரும். செயின் மெயில் போட்டால் ஆர்மர் கிளாஸ் (எதிரியின் தாக்குதல் எட்ட வேண்டிய எண்) 16, அவ்வளவுதான். டெக்ஸ் +2ஐ அதோடு கூட்டக்கூடாது. கனமான கவசத்தில் டெக்ஸுக்கு இடமே இல்லை. ஃபைட்டிங் ஸ்டைலாக டிஃபென்ஸ் எடுத்தால் 17. கிரேட்சோட் இரண்டு கையாலும் பிடிப்பது, ஆகவே கேடயத்தின் +2ஐ ஆசைப்பட்டு எழுத வேண்டாம். தாக்குதலில் 20 முகப் பகடையோடு கூட்டுவது: ஸ்ட்ரெங்த் +3, ப்ரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான கூட்டல்) +2, ஆக +5. சேதம் 2 ஆறுமுகப் பகடை +3. ப்ரொஃபிஷியன்சி தாக்குதலில் மட்டும் கூடும், சேதத்தில் கூடாது. இதை ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பது நல்லது.

வெப்பன் மாஸ்டரி என்ற புதிய விதிப்படி ஃபைட்டர் மூன்று ஆயுதத்தின் சிறப்புத் தன்மையைப் பயன்படுத்தலாம். பொதியில் இருக்கும் ஆயுதங்களும் மூன்று. அவற்றையே எழுதிவிடலாம். கிரேட்சோட்டின் கிரேஸ் தன்மையால் அடி தவறினாலும் எதிரிக்கு 3 சேதம் உண்டு, இதை மறப்பவர்கள் நிறையப் பேர். திறன்களில் சோல்ஜர் ஏற்கெனவே அத்லெட்டிக்ஸையும் இன்டிமிடேஷனையும் தருவதால் ஃபைட்டர் பட்டியலில் அவற்றைத் திரும்ப எடுக்காமல் பெர்செப்ஷன், சர்வைவல் என்று போகலாம். பெர்செப்ஷன் (கவனிக்கும் திறன்) எடுத்தால், உருட்டாமலே பார்க்கும் பாசிவ் பெர்செப்ஷன் 10+0+2=12.

செயின் மெயிலின் நிறை 55 இறாத்தல், ஸ்ட்ரெங்த் 13 வேண்டும், ஸ்டெல்த் (பதுங்கல்) உருட்டலில் இரண்டு பகடையில் சிறியதைத்தான் எடுக்க வேண்டும். பதுங்கிப் போகும் திட்டங்களெல்லாம் இந்த ஆளால்தான் கெடும், அது மேசைக்கே தெரியும்.

ரோக் எடுப்பவருக்குப் பொருத்தமான பேக்ரவுண்ட் கிரிமினல் (பெயரைப் பார்த்து வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால் ஒன்றும் செய்யமுடியாது). டெக்ஸ் 15 இலிருந்து 17, கொன் 13 இலிருந்து 14, ஹிட் பொயிண்ட் 8+2=10. இங்கே நூல் எச்சரிக்காத ஒரு வீண்விரயம் இருக்கிறது. ரோக்கின் பொதியிலும் தீவ்ஸ் டூல்ஸ் (பூட்டுத் திறக்கும் கருவிகள்) இருக்கிறது, கிரிமினலின் பொதியிலும் இருக்கிறது. இரண்டு செட்டை வைத்து என்ன செய்வது? கிரிமினலின் பொருட்களை விட்டுவிட்டு அதற்குப் பதிலாகத் தரும் 50 பொற்காசை எடுங்கள். ரோக் பொதியில் வரும் 8ஐயும் சேர்த்தால் 58. ஸ்டடட் லெதர் கவசம் 45. ஆர்மர் கிளாஸ் லெதரில் 11+3=14; ஸ்டடட் லெதரில் 12+3=15. முதல் நாளிலேயே ஒரு புள்ளி கூட. எக்ஸ்பெர்டீஸை ஸ்டெல்த்தில் போட்டால் டெக்ஸ் +3, இரட்டிப்பான ப்ரொஃபிஷியன்சி +4, ஆக +7. ரோக்கின் கூடுதல் சேதமான ஸ்னீக் அட்டாக்குக்கு எதிரி உங்களைப் பார்க்காமல் இருக்க வேண்டியதில்லை; உங்கள் கூட்டாளி ஒருவர் அந்த எதிரிக்கு 5 அடிக்குள் நின்றாலே பெரும்பாலும் போதும். ஆனால் கையில் ஃபினெஸ் (டெக்ஸால் வீசக்கூடிய) ஆயுதமோ வில் போன்ற தூர ஆயுதமோ இருக்க வேண்டும்.

கிளெரிக்கின் அட்டவணையைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும்: டெக்ஸ் 8, ஸ்ட்ரெங்த் 14. பூசகருக்கு ஏன் இவ்வளவு வலு? காரணம் டிவைன் ஓடர் தெரிவில் இருக்கிறது. புரொடெக்டர் எடுத்தால் கனமான கவசம் போடலாம். செயின் மெயிலுக்கு வேண்டிய ஸ்ட்ரெங்த் 13 அட்டவணையிலேயே வைத்திருக்கிறது. ஆனால் ஆயத்தப் பொதியில் கிடைப்பதோ செயின் ஷேர்ட். அதில் 13, டெக்ஸ் -1, கேடயம் +2, ஆக 14தான். பொதியை எடுக்காமல் கிளாஸின் 110 பொற்காசையும் பேக்ரவுண்டின் 50ஐயும் காசாக வாங்கினால் 160. செயின் மெயில் 75, கேடயம் 10, மேஸ் 5, ஹோலி சிம்பல் 5. 95 போக 65 மிச்சம். ஆர்மர் கிளாஸ் 18. +4 தாக்குதல் உள்ள கொப்லின் (சிறு அரக்கன்) ஒன்று 14ஐத் தொட நூற்றுக்கு 55 வாய்ப்பு, 18ஐத் தொட 35தான். நாலு எண் என்று தள்ளிவிடக்கூடிய வித்தியாசம் அல்ல இது. பேக்ரவுண்டாக எல்லாரும் அகோலைட்டைத்தான் (கோயில் தொண்டர்) எடுப்பார்கள். எண் மட்டும் பார்த்தால் சேஜ் (அறிஞர்) மேல்: விஸ்டம் 17, கொன் 14, ஹிட் பொயிண்ட் 10. அகோலைட்டில் மிஞ்சும் +1 எங்கே போட்டாலும் மொடிஃபயர் ஏறாது.

விஸார்டில்தான் புதியவர்கள் திணறுவார்கள், அதற்கு நூலும் ஓரளவு பொறுப்பு. மூன்று வேறுவேறு எண்கள்: புத்தகத்தில் 6 முதல் லெவல் மந்திரம், ஒரு நாளுக்குத் தயாராக வைப்பது 4, மந்திரம் போடச் செலவாகும் ஸ்லொட், நீண்ட ஓய்வு முடிந்ததும் கையில் இருப்பது 2. இதற்கு வெளியே செலவே இல்லாத கன்ட்ரிப் 3. தயார் செய்த நாலில் ஒரே மந்திரத்தை இரண்டு தரமும் போடலாம், இரண்டு மந்திரத்தை ஒவ்வொரு தரமும் போடலாம். ஆறில் இரண்டை ரிச்சுவல் மந்திரங்களாக எடுப்பது கெட்டித்தனம். ரிச்சுவலாகப் போடும்போது விஸார்ட் அதைத் தயார் செய்திருக்கத் தேவையில்லை, ஸ்லொட்டும் போகாது, 10 நிமிடம் கூடச் செல்லும். டிடெக்ட் மெஜிக், ஃபைண்ட் ஃபமிலியர் இரண்டும் அப்படி. மிச்ச நாலு மெஜிக் மிசைல், ஷீல்ட், ஸ்லீப், தண்டர்வேவ் என்று இருக்கட்டும்.

நூல் பரிந்துரைக்கும் ஆறில் மேஜ் ஆர்மர் இருக்கிறது. அதை அங்கே எடுக்க வேண்டாம். சேஜ் பேக்ரவுண்ட் தரும் மெஜிக் இனிஷியேட் ஃபீட்டில் இரண்டு கன்ட்ரிப்பும் ஒரு முதல் லெவல் மந்திரமும் உண்டு, அந்த மந்திரத்தை நீண்ட ஓய்வுக்கு ஒரு தரம் ஸ்லொட் இல்லாமலே போடலாம். மேஜ் ஆர்மரை அங்கே வைத்தால் காலையில் போட்டு 8 மணிநேரம் ஆர்மர் கிளாஸ் 13+1=14; இரண்டு ஸ்லொட்டும் அப்படியே மிஞ்சும். இன்டெலிஜென்ஸ் 17, கொன் 14, ஹிட் பொயிண்ட் 6+2=8, மந்திரத் தாக்குதல் +5, எதிரி தப்ப உருட்ட வேண்டிய எண் 8+2+3=13. சேஜ் பொதியிலும் தடி, அங்கி இரண்டும் இரட்டிப்பாக வரும், ஆகவே இங்கேயும் 50 பொற்காசுதான் சரி. துணை விலங்கொன்றை அழைக்கும் ஃபைண்ட் ஃபமிலியர் போடும் ஒவ்வொரு தரமும் 10 பொற்காசுக்குச் சாம்பிராணி எரிந்துபோகும். ஆந்தை செத்தால் திரும்ப அழைக்கக் காசு வேண்டுமே.

இனி இறுக்கமான இடம். அச்சுப் புத்தகத்தில் 16 பேக்ரவுண்ட் உண்டு. எஸ்ஆர்டியில் நாலே நாலு: அகோலைட், கிரிமினல், சேஜ், சோல்ஜர். இவற்றில் கரிஸ்மாவைத் தொடுவது அகோலைட் மட்டும். பாட், சோர்சரர், வோர்லொக் மூன்றும் கரிஸ்மாவில் ஓடுபவை. ஆகவே கொழும்பில் இந்தப் பிடிஎஃப்பை வைத்து ஆடும் ஒவ்வொரு பாடகரும், சாத்தானோடு ஒப்பந்தம் போட்ட ஒவ்வொரு வோர்லொக்கும் ஒரு காலத்தில் கோயிலில் தொண்டு செய்தவராகவே இருக்க வேண்டியிருக்கிறது! எண்ணில் நட்டம் பெரிதல்ல. பாட் கிளாஸுக்கு கரிஸ்மா 17, இன்டெலிஜென்ஸ் 14 என்று அழகாகவே பொருந்தும். வோர்லொக்கின் கொன் 13 அப்படியே நின்றுவிடும், சோர்சரரின் டெக்ஸ் 13ம் அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி, 20 முகப் பகடையில் நூற்றுக்கு 5. பலடினுக்கு ஸ்ட்ரெங்தையும் கரிஸ்மாவையும் சேர்த்துத் தரும் பேக்ரவுண்ட் இல்லை, சோல்ஜரோடு சமாளிக்கலாம். பார்பேரியன், மங்க், ரேஞ்சர், ட்ரூயிட் ஆகியோருக்கு இந்த நாலிலேயே நல்ல இடம் கிடைக்கும்.

திருத்தம் எளிது. ஆட்டத்தை நடத்துபவர் சம்மதித்தால்: விரும்பிய மூன்று எபிலிட்டி, விரும்பிய இரண்டு திறன், ஒரு கருவி, எஸ்ஆர்டியில் உள்ள நாலு ஒரிஜின் ஃபீட்டில் ஒன்று, 50 பொற்காசு. இதை எல்லாருக்கும் பொதுவாக வையுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் பிரச்சினை.

ஸ்பீசீஸ் 9 இருக்கிறது, போதும். மனிதருக்கு ஓர் ஒரிஜின் ஃபீட் கூடக் கிடைப்பதால் தெரிவு தெரியாதவருக்கு அதுவே நல்லது. அலைன்மென்ட் எந்த எண்ணையும் மாற்றாது, நியூட்ரல் என்று எழுதிவிட்டு நகரலாம். ஒரு கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸ் (உட்பிரிவு) தான் தந்திருக்கிறார்கள், ஆனால் அது 3ஆம் லெவலில்தான் தேவை.

பகடை பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஸ்டாண்டர்ட் அரே எடுத்தால் கதாபாத்திரம் உருவாக்க ஒரு பகடையும் தேவையில்லை. ஆடும்போது 20 முகப் பகடை கிடைக்காவிட்டால் 1 முதல் 20 வரை துண்டு எழுதி டின்னில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த துண்டைத் திருப்பிப் போடாவிட்டால் வாய்ப்புக் கணக்குக் கெட்டுவிடும். கூகிளில் பகடை உருட்டும் வசதியும் இருக்கிறது. லூடோப் பகடை மூன்றை உருட்டிக் கூட்டுவது மட்டும் கூடாது: 3 முதல் 18 வரைதான் வரும், அதிலும் நடுவில்தான் அடிக்கடி விழும்.

ஆட்டத்தின் அதிகாரபூர்வ இணையத்தளமான டி அண்ட் டி பியோண்டில் இலவசக் கணக்குத் திறந்தால் 6 பாத்திரம் வரை உருவாக்கலாம், கூட்டல் கழித்தலை அதுவே செய்யும். வேகம்தான். ஆனால் 17 எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே ஷீட் நிரம்பிவிடும், லெவல் ஏறும்போது திரும்பக் கேள்வி வரும். முதல் பாத்திரத்தைப் பென்சிலால் செய்து, பிறகு அங்கே போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. எண் பொருந்தாவிட்டால் பிழை பெரும்பாலும் கவசத்திலோ பேக்ரவுண்டிலோ இருக்கும்.

தமிழ் மேசைகளுக்கு இந்த நூலில் இருக்கும் பெரிய வசதி அதன் உரிமம். கிரியேட்டிவ் கொமன்ஸ் சிசி-பிவை-4.0 என்பதால் இதைத் தமிழில் ஆக்கி, அச்சடித்து, விற்கக்கூட யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. நூலின் தொடக்கத்தில் தந்திருக்கும் உரிமை வாசகத்தைச் சேர்க்க வேண்டும், மாற்றங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். அட்டையில் ஆட்டத்தின் வணிகப் பெயரைப் போட இந்த உரிமம் இடம் தராது. ஐந்தாம் பதிப்போடு பொருந்தும் என்று போடலாம். நாலு கிளாஸையும் நாலு பேக்ரவுண்டையும் மட்டும் தமிழில் எடுத்தால் ஒரு சிறு கொப்பிக்குள் அடங்கும்.